அரை இஞ்ச் போர்ட்டில் பிஎஸ்பி நிப்பிள் ஏறுது, ஆனா கசியுது: இஞ்ச், மில்லிமீட்டர் குழப்பங்கள்

பவர்பேக்77:

வணக்கம். அமெரிக்காவில் செய்த பழைய ஹைட்ராலிக் பவர்பேக் ஒண்ணு ஷெட்டுக்கு வந்திருக்கு. பம்ப் டெலிவரி போர்ட் பக்கத்துல 1/2 னு மட்டும் அச்சு இருக்கு, வேற விவரம் இல்லை. கடையில கிடைக்கிற அரை இஞ்ச் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை) டேப்பர் நிப்பிள் கையாலயே நாலு சுத்து ஏறுது, அப்புறம் ஸ்பேனர்ல நல்லா இறுகுது. டெஃப்லான் டேப் சுத்திப் போட்டா 60 பார் வரைக்கும் ஒண்ணும் இல்லை. 140 பாருக்கு ஏத்தினா திரெட் ஓரமா எண்ணெய் கசியுது. பம்ப் உடம்பு வார்ப்பு. இன்னும் இறுக்கலாமா? அதே மெஷின்ல போல்ட்டுகளும் சிலது மில்லிமீட்டர், சிலது இஞ்ச் மாதிரி தெரியுது. எப்படிப் பிரிச்சுக் கண்டுபிடிக்கறது?

பிட்ச்கேஜ்:

மேலே இறுக்காதீங்க. டேப்பர் மரை ஆப்பு மாதிரி வேலை செய்யும், வார்ப்பு போர்ட் வாயில விரிசல் விழும்.

உங்க போர்ட் பெரும்பாலும் என்பிடி, அதாவது அமெரிக்க டேப்பர் பைப் மரை. நீங்க போட்டது பிஎஸ்பி டேப்பர். அரை இஞ்ச் சைஸ்ல ரெண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரை. டேப்பரும் ஒண்ணுதான், 16-க்கு 1. கேஜ் தளத்துல பிட்ச் விட்டம் பிஎஸ்பிக்கு 19.793 மிமீ, என்பிடிக்கு 19.772 மிமீ. வித்தியாசம் வெறும் 0.021 மிமீ. அதனாலதான் கையால ஏறுது, ஸ்பேனருக்கும் சரியாப் பிடிச்ச உணர்வு வருது.

மாறுறது கோணம். பிஎஸ்பி 55 டிகிரி, உச்சியும் அடியும் உருண்டை. என்பிடி 60 டிகிரி, உச்சி தட்டை. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போனா மரையோட சாய்வு முகம் முழுசா உட்காராது, ஒரு கோடாத்தான் தொடும். மிச்சம் இருக்கிற இடைவெளி திரெட்டோட முதல் சுத்துல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் சுருள் வழியா ஓடும். 60 பாருக்கு டேப் அந்த வழியை அடைச்சு நிக்குது, 140 பாருக்கு எண்ணெய் டேப்பைத் தள்ளிட்டு வெளியே வருது.

மத்த சைஸ்ல இந்த ஆபத்து குறைவு, ஏன்னா பிட்சே (மரைக்கு மரை இருக்கிற தூரம்) வேற. 1/8-ல பிஎஸ்பி 28, என்பிடி 27. கால் இஞ்சுலயும் 3/8-லயும் 19க்கு 18. ஒரு இஞ்சுல இருந்து ரெண்டு இஞ்ச் வரைக்கும் 11க்கு பதினொன்றரை. மூணு நாலு மரையிலயே கடிச்சு நின்னுடும், ஆள் சுதாரிச்சுக்கலாம். அரையும் முக்காலும் மட்டும் ரெண்டு முறையிலயும் 14. ஏமாத்துறது இந்த ரெண்டு சைஸ்தான்.

கோவை லேத்:

அண்ணே, டேப்பை ஏழெட்டு சுத்து கனமா போட்டா நிக்குமே, பல இடத்துல அப்படித்தான் ஓடுது. இல்லேன்னா போர்ட்ல ஒரு பிஎஸ்பி டாப் (உள் மரை வெட்டுற டூல்) ஓட்டி விட்டுடலாம். பிட்ச் ஒண்ணுதானே, டாப் தானா வழி பிடிச்சுப் போயிடும்.

பிட்ச்கேஜ்:

தண்ணி லைனுக்கும் 6 பார் காத்து லைனுக்கும் டேப் கனம் கைகொடுக்கலாம். ஹைட்ராலிக்ல கூடாது. கனமா சுத்தின டேப் நிப்பிள் நுனியில கிழிஞ்சு எண்ணெயோட போகும். ரிலீஃப் வால்வு சீட்லயோ ஸ்பூல்லயோ ஒரு நார் மாட்டினா போதும், பிரஷர் ஏறாது. கசிவை விட அதைக் கண்டுபிடிக்கறது பெரிய வேலை.

டாப் ஓட்டறது அதை விட மோசம். நீங்க சொல்ற மாதிரி டாப் வழி பிடிச்சுப் போகும், அதுதான் சிக்கலே. 60 டிகிரி முகத்தை 55 டிகிரி டாப் பாதி சீவி விட்டுடும். அதுக்கப்புறம் அந்த ஓட்டையில என்பிடியும் உட்காராது, பிஎஸ்பியும் முழு மரை கிடைக்காம உட்காராது. பம்ப் உடம்பே வீண்.

பவர்பேக், முதல்ல இன்னது இதுதான்னு உறுதி பண்ணுங்க. போர்ட் வாயைப் பாருங்க. வாயைச் சுத்தி வாஷர் உட்கார்ற மாதிரி தட்டையா மெஷின் பண்ணின வளையம் இருந்தா அது பேரலல் மரை, திரெட்ல சீல் ஆகாது, பாண்டட் வாஷர்ல (ரப்பர் வளையம் ஒட்டின உலோக வாஷர்) சீல் ஆகும். வாய்க்குள்ள சாய்வா ஒரு பள்ளம் வெட்டி இருந்தா ஓ-ரிங் போர்ட். அமெரிக்க பம்புல இது ரொம்ப சகஜம். அரை இஞ்ச் ஹோசுக்கான அந்த போர்ட்டுல மரை 3/4 இஞ்ச், இஞ்சுக்கு 16. அதுல பிஎஸ்பி ஏறியே இருக்காது. ரெண்டும் இல்லாம வெறும் வாயா இருந்தா டேப்பர். அடுத்து, அந்த போர்ட்டுல ஏற்கெனவே இருந்த பழைய ஃபிட்டிங் கிடைச்சா அதோட ஆண் திரெட்ல 60 டிகிரி பிட்ச் கேஜையும் 55 டிகிரி பிட்ச் கேஜையும் தனித்தனியா வெச்சு பின்னால டார்ச் அடிங்க. 14 பிளேடு ரெண்டுமே உட்கார்ற மாதிரிதான் இருக்கும். சாய்வு முகத்துல வெளிச்சம் கசியாதது எதுவோ அதுதான் சரி. கண்ணாடி வெச்சு உச்சியைப் பார்த்தாலும் தட்டையா உருண்டையா தெரிஞ்சிடும், தேயாம இருந்தா.

வரைபடம்:

ஒரு சின்ன சேர்க்கை. வெர்னியர் வைத்து "அரை இஞ்ச்" தேடக் கூடாது. பைப் மரையில் அரை இஞ்ச் என்பது பெயர் மட்டுமே. பிஎஸ்பி அரை இஞ்சின் வெளி விட்டம் 20.955 மிமீ. என்பிடி அரை இஞ்ச் பைப்பின் வெளி விட்டம் 21.34 மிமீ. 12.7 மிமீ எங்கேயும் வராது. 21 மிமீ என்று அளந்துவிட்டு எம்22 (22 மிமீ மெட்ரிக் மரை) அடாப்டர் வாங்கி வருபவர்களும் உண்டு. ஐரோப்பிய ஹைட்ராலிக்கில் எம்22க்கு 1.5 பிட்ச் என்று உண்மையிலேயே ஒரு ஃபிட்டிங் இருப்பதால் கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

எலெக்ட்ரிக்கல் பக்கமும் இதே கதை. கேபிள் கிளாண்டில் எம்20க்கு 1.5 பிட்சும், அரை இஞ்ச் என்பிடியும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். ஒன்று 20 மிமீ, இன்னொன்று 21.34 மிமீ. எம்20 கிளாண்டை என்பிடி ஓட்டையில் வைத்து பின்னால் லாக்நட் போட்டுச் சமாளிப்பது சாதாரணப் பெட்டியில் தூசி புகும் பிரச்சினை மட்டும். ஃபிளேம்ப்ரூஃப் பெட்டியில் அது உயிர்ப் பிரச்சினை. உள்ளே நடக்கும் வெடிப்பின் தீ வெளியே வராமல் தடுப்பதே மரைகள் முழுதாகக் கோத்திருப்பதுதான். பேரலல் மரைக்கு குறைந்தது ஐந்து முழு மரையாவது பிடித்திருக்க வேண்டும். அங்கே "கிட்டத்தட்ட பொருந்துது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நூல்கணக்கு:

போல்ட்டு கேள்விக்கு வரேன். நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில நூல் கணக்கு இன்னும் ஓடுது. ஒரு நூல் 1/8 இஞ்ச், 3.175 மிமீ. நாலு நூல் அரை இஞ்ச். ஆனா கம்பி 12 மிமீக்கு மாறினதும் பேரு மாறலை. 10 மிமீயை மூணு நூல்னும், 12 மிமீயை நாலு நூல்னும், 16 மிமீயை அஞ்சு நூல்னும் சொல்லிட்டு இருக்கோம். கம்பிக்கு அது ஓடும். போல்ட்டுக்கு ஓடாது. "மூணு நூல் போல்ட்டு பத்து குடுங்க"ன்னா ஒரு கடையில 3/8 வரும், பக்கத்துக் கடையில எம்10 வரும்.

அந்த ஜோடிதான் எனக்குத் தெரிஞ்சு மோசமானது. 3/8 போல்ட்டு 9.525 மிமீ, இஞ்சுக்கு 16 மரை, அதாவது பிட்ச் 1.5875. எம்10 பிட்ச் 1.5. 3/8 போல்ட்டை எம்10 நட்டுல விட்டா விட்டம் கிட்டத்தட்ட அரை மிமீ சின்னது, அந்த லூசு பிட்ச் வித்தியாசத்தை முழுங்கிடும். நட்டு முழுக்க ஏறிடும், ஸ்பேனரும் நிக்கும். ஆனா லோடு எல்லா மரையிலயும் விழாது. மரைக்கு மரை 0.0875 மிமீ தள்ளிப் போறதால ஒண்ணு ரெண்டு மரை மட்டும் தாங்கும். அதுவும் மேலோட்டமாத்தான் கோத்திருக்கும். வைப்ரேஷன் வந்தா அந்த மரை உரிஞ்சு மொத்தமும் கையோட வரும்.

எம்12-ஐ அரை இஞ்ச் நட்டுல விட்டா ரெண்டு மூணு சுத்துலயே கடிச்சிடும், பிட்ச் 1.75க்கு 1.954. எம்16ம் 5/8ம் அப்படித்தான். அதெல்லாம் தப்புன்னு கையே சொல்லிடும். சின்ன சைஸ்ல 10-32ங்கற அமெரிக்க ஸ்குரூவும் எம்5ம் ஒரு ஜோடி. பிட்ச் 0.794, 0.8. வித்தியாசமே தெரியாது. 4.83 மிமீ ஸ்குரூ எம்5 ஓட்டையில தங்கு தடையில்லாம ஓடும், பிடிமானம்தான் குறையும். நியூமேடிக் ஃபிட்டிங்ல இதை அடிக்கடி பார்க்கலாம்.

பவர்பேக்77:

இங்கிலாந்து மெஷின் ஒண்ணும் பக்கத்துல நிக்குது. அதோட அரை இஞ்ச் போல்ட்டு இதுக்குப் போகுமா?

நூல்கணக்கு:

அரை இஞ்ச் மட்டும் போகாது. பழைய இங்கிலாந்து மெஷின்ல விட்வொர்த் இருக்கும், இஞ்சுக்கு 12. அமெரிக்க யுஎன்சி 13. கால் இஞ்சுல இருந்து ஒரு இஞ்ச் வரைக்கும் மத்த சைஸ் எல்லாம் ரெண்டுக்கும் ஒரே எண்ணிக்கை. 3/8க்கு 16, 5/8க்கு 11, முக்காலுக்கு 10. ஆனா கோணம் 55க்கு 60. ஏறும், ஓடும், அவசரத்துக்கு ஓட்டுறவங்க இருக்காங்க. சிலிண்டர் ஹெட், கப்ளிங், தூக்குற ஹூக் இந்த மாதிரி இடத்துல மாத்திப் போடாதீங்க.

தலையைப் பாருங்க, பாதி பிரச்சினை முடிஞ்சிடும். 8.8, 10.9னு எண் அச்சா இருந்தா மில்லிமீட்டர் போல்ட்டு. நடுவுல இருந்து ஓரத்துக்கு மூணு கோடு இருந்தா அமெரிக்க கிரேடு 5, ஆறு கோடு இருந்தா கிரேடு 8. இதுலயே இன்னொரு பொறி இருக்கு. கிரேடு 8ம் 8.8ம் ஒண்ணு இல்லை. கிரேடு 8 கிட்டத்தட்ட 10.9க்குச் சமம். 8.8க்குச் சமம் கிரேடு 5. "எட்டாம் கிரேடு"ன்னு வாயால சொல்லி ஆர்டர் போட்டா 8.8 வந்து சேரும், பலம் கால்வாசி குறைஞ்சு போகும்.

கோவை லேத்:

ஸ்பேனரும் சொல்லிடலாம்ல. 19ம் முக்காலும் ஒண்ணுக்கு ஒண்ணு ஓடும், 19.05 தான். 8ம் 5/16ம் அதே மாதிரி. 13-ஐ அரை இஞ்ச் தலைக்குப் போட்டா 0.3 மிமீ லூசு, மூலை உருண்டுடும்.

சிஎன்சி_இரவுஷிப்ட்:

மெஷின் பக்கம் நடக்கறதைச் சொல்றேன். ஜி20 இஞ்ச், ஜி21 மிமீ. ரெண்டும் மோடல் கோடு. பல கண்ட்ரோலர்ல பவர் ஆஃப் பண்ணினாலும் கடைசியா எது இருந்துதோ அதுவே நிக்கும். முந்தின ஷிப்ட்ல ஏற்றுமதி ஜாப் இஞ்சுல ஓடி, அடுத்த புரோகிராம் தலைப்புல ஜி21 இல்லேன்னா சோலி முடிஞ்சுது.

எக்ஸ், இசட் தப்பானா 25.4 மடங்கு, அது ஓவர் டிராவல் அலாரம் அடிச்சு நின்னுடும், இல்லேன்னா டிரை ரன்ல கண்ணுக்குத் தெரியும். தப்பிச்சுப் போறது ஃபீடும் ஸ்பீடும். லேத்ல எஃப்0.2ன்னு போட்டது இஞ்ச் மோடுல ஒரு சுத்துக்கு 5.08 மிமீ. இன்சர்ட் மட்டும் இல்லை, ஹோல்டரே போகும். ஜி96ல (வெட்டு வேகத்தை மாறாம வெச்சுக்கிற கோடு) எஸ்200ங்கறது மிமீ மோடுல நிமிஷத்துக்கு 200 மீட்டர், இஞ்ச் மோடுல 200 அடி, அதாவது 61 மீட்டர். திருப்பி, அடியில எழுதின எஸ்600 மிமீ மோடுல ஓடினா 600 மீட்டர். ஸ்டீல்ல இன்சர்ட் சிவந்து போகும்.

இன்னொண்ணு புள்ளி. எக்ஸ்10ன்னு புள்ளி இல்லாம அடிச்சா பல மெஷின்ல 10 மிமீ இல்லை, 0.010 மிமீ. இஞ்ச் மோடுல அதுவே 0.0010 இஞ்ச். ஜி20, ஜி21 மாத்தும்போது டூல் ஆஃப்செட்டும் வொர்க் ஆஃப்செட்டும் தானா மாறுமா மாறாதாங்கறது மெஷின் பாராமீட்டரைப் பொறுத்தது. மாறும்னு நம்பி சைக்கிள் ஸ்டார்ட் அடிக்காதீங்க. ஒரு ஆஃப்செட் எண்ணை எழுதி வெச்சுட்டு எம்டிஐல (கையால ஒவ்வொரு கட்டளையா அடிக்கிற முறை) மோடு மாத்திப் பாருங்க. 100.000 இருந்தது 3.9370னு மாறினா கண்ட்ரோலர் மாத்துது. 100.000 அப்படியே இல்லேன்னா 10.0000னு புள்ளி மட்டும் நகர்ந்து நின்னா மாத்தலை. மோடு மாறின பிறகு முதல் ஓட்டம் இசட்டை 100 மிமீ தூக்கி வெச்சு காத்துலதான்.

பழைய இஞ்ச் லீட்ஸ்குரூ லேத்ல மிமீ மரை வெட்டுறவங்களுக்கு: 127 பல் கியர் கட்டாயம், 5 இஞ்ச் 127 மிமீங்கறதால. வெட்டி முடிக்கிற வரைக்கும் ஹாஃப்நட்டைத் திறக்கக் கூடாது, மெஷினை ரிவர்ஸ் ஓட்டித்தான் திரும்பணும். திறந்து மறுபடி போட்டா டயல் காட்டினாலும் பழைய வழியில விழாது.

வரைபடம்:

வரைபடத்திலேயே தப்பு தொடங்கும் இடங்களும் சில உண்டு.

ஒரு பக்கத்தில் .500 என்று முன்னால் பூஜ்யம் இல்லாமல் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க இஞ்ச் வரைபடம். அவர்கள் விதிப்படி ஒன்றுக்குக் குறைந்த இஞ்ச் அளவுக்கு முன் பூஜ்யம் வராது. மில்லிமீட்டருக்கு 0.5 என்று பூஜ்யம் வரும். தலைப்புக் கட்டம் கிழிந்துபோன நகலில் இது ஒன்றே துப்பு. கூடவே புரொஜெக்ஷன் குறியையும் பாருங்கள். அங்கே தேர்டு ஆங்கிள், இங்கே பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள். அளவைச் சரியாக மாற்றிவிட்டு பக்கத்தை மாற்றி ஓட்டை போட்டால் பலனில்லை.

டாலரன்ஸை மாற்றும்போது நடக்கும் தப்பு நுணுக்கமானது. 1.000 இஞ்ச், கூட்டல் கழித்தல் .005 என்றால் எல்லைகள் 25.273, 25.527. இதை 25.4 கூட்டல் கழித்தல் 0.13 என்று எழுதுபவர்கள் அதிகம். அப்போது எல்லை 25.27, 25.53 ஆகிறது. 25.271 மிமீயில் வந்த துண்டு இங்கே பாஸ், அங்கே ரிஜெக்ட். உள்பக்கமாகத்தான் முழுமைப்படுத்த வேண்டும்: 0.12 என்று எழுதினால் எந்தத் துண்டும் மூல எல்லையைத் தாண்டாது. பெரிய எண்ணை உள்நோக்கிச் சுருக்கு, சிறிய எண்ணை உள்நோக்கி ஏற்று, அவ்வளவுதான். அதற்காக 25 மிமீ என்று "வட்டமாக" எழுதினால் அது புது வடிவமைப்பு. பொருந்தும் பாகங்கள் அனைத்தையும் சேர்த்து மாற்றினால் மட்டுமே சரி.

எஸ்டிஎல் என்ற 3டி வடிவ ஃபைலில் அலகு என்ற விவரமே கிடையாது, வெறும் எண்கள். டிஎக்ஸ்எஃப் என்ற வரைபட ஃபைலில் அலகுக்கு ஒரு இடம் உண்டு, ஆனால் பலர் அதைக் காலியாக விட்டே அனுப்புகிறார்கள். ஃபைலோடு ஒரு மொத்த அளவை வார்த்தையில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: "வெளி நீளம் 180 மிமீ". திறந்ததும் அந்த ஒரு அளவைச் சரிபாருங்கள்.

காயில்கட்டு:

மோட்டார் ரீவைண்டிங்ல இது தினமும் வர்ற தொல்லை. இங்க கேஜ்னா எஸ்டபிள்யூஜி, பிரிட்டிஷ் கம்பி கேஜ். அமெரிக்க மோட்டார் விவரத்துல கேஜ்னா ஏடபிள்யூஜி. 22 எஸ்டபிள்யூஜி 0.711 மிமீ. 22 ஏடபிள்யூஜி 0.644 மிமீ. பரப்பு 0.397க்கு 0.326. எண் ஒண்ணா இருக்குன்னு மெல்லிசைப் போட்டா ரெசிஸ்டன்ஸ் சுமார் 22 சதவீதம் ஏறும், அதே கரண்டுக்குக் காயில் சூடும் அவ்வளவு ஏறும். டெஸ்ட்ல நல்லா சுத்தும், ஃபுல் லோடுல ரெண்டு மணி நேரம் ஓடினா தெரியும். 22 எஸ்டபிள்யூஜிக்கு நெருக்கமானது 21 ஏடபிள்யூஜி, 0.723.

பழைய காயில்ல ஒரு துண்டு எடுத்து எனாமலை எரிச்சு, துணியால துடைச்சு, மைக்ரோமீட்டர்ல வெறும் காப்பர் விட்டத்தை எடுங்க. அந்த மிமீயைத்தான் பதிவேட்டுல எழுதணும், கேஜ் எண்ணை இல்லை. தகடும் அப்படித்தான். 16 கேஜ்னா எஸ்டபிள்யூஜில 1.626 மிமீ. அமெரிக்க ஸ்டீல் ஷீட்டுக்கு 1.519. அலுமினியத்துக்கு அவங்க வேற அட்டவணை, 1.291.

சிஎன்சி_இரவுஷிப்ட்:

செவ்வாய்க் கிரகத்துக்குப் போன நாசா விண்கலம் பத்தி யாரும் சொல்லலியே? பவுண்டு, நியூட்டன் மாத்திப் போட்டு விழுந்தது.

வரைபடம்:

மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். 1998 டிசம்பர் 11 ஏவினார்கள், 1999 செப்டம்பர் 23 தொலைந்தது. ஆனால் "மாத்திப் போட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்தால் இந்த இழைக்கு வேண்டிய பாடம் விட்டுப்போகும்.

தரையிலிருந்த ஒரு மென்பொருள் சிறு உந்திகளின் தாக்கத்தைக் கணக்கிட்டு ஒரு ஃபைலில் எழுதியது. இடைமுக ஆவணம் கேட்டது நியூட்டன்-விநாடி. லாக்ஹீட் மார்ட்டின் தந்த அந்த மென்பொருள் எழுதியது பவுண்டு-விநாடி. ஃபைலில் எண் மட்டும்தான், அலகு இல்லை. அதனால் ஒவ்வொரு உந்தலின் தாக்கமும் 4.45 மடங்கு குறைவாகக் கணக்கில் வந்தது. ஒரு உந்தலின் தாக்கம் மிகச் சிறியது. சூரியத் தகடு ஒரு பக்கம் மட்டும் இருந்ததால் எதிர்பார்த்ததைப் போல் 10 முதல் 14 மடங்கு அடிக்கடி உந்த வேண்டி வந்தது. அந்த உந்தல்களின் திசை பூமியிலிருந்து பார்க்கும் கோட்டுக்குப் பெரும்பாலும் குறுக்காக இருந்ததால் டாப்ளர் அளவீட்டிலும் பளிச்சென்று தெரியவில்லை. முதல் நான்கு மாதம் ஃபைல் வடிவக் கோளாறால் அதைப் பயன்படுத்தவே முடியவில்லை, ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. 226 கிமீ உயரத்தில் கடந்திருக்க வேண்டியது சுமார் 57 கிமீயில் போனது. 80 கிமீக்குக் கீழே போனால் தாங்காது.

25.4 மடங்கு, 1000 மடங்குத் தப்பு நம்மைக் காப்பாற்றும், அபத்தமாகத் தெரியும் என்பதால். இரண்டு, நான்கு மடங்குத் தப்பும், 2 சதவீதத் தப்பும்தான் நம்பும்படி இருக்கும்.

பிட்ச்கேஜ்:

அந்த வரிசையில 1983 ஜூலை 23 ஏர் கனடா 143ஐயும் வைக்கணும். போயிங் 767, அந்தக் கம்பெனியில எரிபொருளைக் கிலோவுல கணக்கிட்ட முதல் ரகம். அளவுமானி வேலை செய்யலை, டேங்க்ல குச்சி முறையில அளந்தாங்க. இருப்பு 7,682 லிட்டர். தேவை 22,300 கிலோ.

கணக்கைப் பாருங்க. லிட்டருக்கு 0.803 கிலோன்னு பெருக்கியிருந்தா இருப்பு 6,169 கிலோ, போட வேண்டியது 20,088 லிட்டர். அவங்க பெருக்கினது 1.77. அது ஒரு லிட்டர் எத்தனை பவுண்டுங்கற எண். 7,682 பெருக்கல் 1.77, 13,597 வந்துது, அதைக் கிலோன்னு எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் 8,703, திருப்பி 1.77ஆல வகுத்தா 4,916 லிட்டர். அவ்வளவுதான் போட்டாங்க. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதே தப்பான எண் என்பதால கணக்கு தனக்குள்ள சரியா இருந்துது. எத்தனை தடவை சரிபார்த்தாலும் அதே விடைதான் வரும். நடுவானத்துல ரெண்டு இன்ஜினும் நின்னுது. கிம்லிங்கற ஊர்ல பழைய விமானப்படை ஓடுதளத்துல சறுக்கி இறக்கினாங்க, 69 பேரும் பிழைச்சாங்க.

1.77ங்கற எண்ணுக்குப் பக்கத்துல அலகு எழுதியிருந்தா அந்த நிமிஷமே நின்னிருக்கும். மாற்று எண் எதுவா இருந்தாலும் "லிட்டருக்கு இத்தனை கிலோ"ன்னு முழுசா எழுதுங்க. வெறும் எண்ணை சுவத்துல ஒட்டாதீங்க.

கோவை லேத்:

ஷாஃப்ட், பேரிங் பத்தி ஒரு கேள்வி. யுசி205 கேட்டா சில கடையில யுசி205-16 குடுக்கறாங்க. வெளி அளவு ஒண்ணுதானே?

பிட்ச்கேஜ்:

வெளியே ஒண்ணுதான், ஹவுசிங்ல கச்சிதமா உட்காரும். உள்ளே யுசி205 25 மிமீ, -16 போட்டது ஒரு இஞ்ச், 25.4 மிமீ. பின்னால இருக்கிற 16ங்கறது 1/16 இஞ்ச் எத்தனைங்கற கணக்கு. 25 மிமீ ஷாஃப்ட்டுல 25.4 ஏத்தி கிரப் ஸ்குரூ இறுக்கினா ஷாஃப்ட் ஒரு பக்கமா 0.2 மிமீ ஒதுங்கும். ஓடும், ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் அடிக்கும், கிரப் ஸ்குரூ தளரும், ஷாஃப்ட் தேய்ஞ்சு பள்ளம் விழும்.

டோக்கியோ டிஸ்னிலாண்ட்ல ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டர் 2003 டிசம்பர்ல அச்சு உடைஞ்சு தடம் புரண்டது இதே வகை. 1995ல அச்சு அளவை மிமீ முறைக்கு மாத்தினாங்க, 45 மிமீ. பழைய வரைபடத்தை ஒதுக்கலை. 2002ல பழைய வரைபடத்தை வெச்சே உதிரி அச்சு ஆர்டர் பண்ணினாங்க, 44.14 மிமீல வந்துது. பேரிங்குக்கும் அச்சுக்கும் 0.2 மிமீ இருக்க வேண்டிய இடைவெளி 1 மிமீக்கு மேல போச்சு. அதிர்வுல அச்சு களைச்சு முறிஞ்சது. யாருக்கும் காயமில்லை.

செயினும் பெல்ட்டும் பாருங்க. 08பி செயினும் அமெரிக்க 40ம் நம்பர் செயினும் ரெண்டுமே 12.7 மிமீ பிட்ச். ரோலர் விட்டம் 8.51க்கு 7.92. டைமிங் பெல்ட்ல எக்ஸ்எல் பிட்ச் 5.08, டி5 பிட்ச் 5. சின்ன புல்லியில ஓடுற மாதிரியே இருக்கும், பத்து பல்லுக்கு 0.8 மிமீ தள்ளிப் பல்லைத் தின்னும்.

பவர்பேக்77:

எல்லாருக்கும் நன்றி. போர்ட் வாயில தட்டை வளையமும் இல்லை, ஓ-ரிங் பள்ளமும் இல்லை. பழைய ஃபிட்டிங் ஒண்ணு பெட்டியில கிடைச்சுது. 60 டிகிரி கேஜ்தான் வெளிச்சம் விடாம உட்காருது, உச்சி தட்டை. என்பிடிதான். இப்ப என்ன வாங்கணும், எவ்வளவு இறுக்கணும்? டார்க் ரெஞ்ச்ல ரெண்டு ஸ்கேல் இருக்கு.

பிட்ச்கேஜ்:

ஒரு பக்கம் அரை இஞ்ச் என்பிடி ஆண், மறுபக்கம் அரை இஞ்ச் பிஎஸ்பி பேரலல் ஆண், 60 டிகிரி கோன் உள்ள ஸ்டீல் அடாப்டர் வாங்குங்க. உங்க பிரஷருக்கு மேல ரேட்டிங் இருக்கணும், ஜிஐ பைப் கடை நிப்பிள் வேண்டாம். போர்ட் மரையைத் துடைச்சு, ஏற்கெனவே பிஎஸ்பி கடிச்ச தடம் ஆழமா இருக்கான்னு பாருங்க. லேசா இருந்தா ஓடும். ஆண் மரையில அனரோபிக் சீலன்ட் தடவுங்க, நுனியில முதல் ரெண்டு மரையை விட்டுட்டு. கையால முடியற வரை ஏத்தி அதுக்கப்புறம் ஸ்பேனர்ல ரெண்டு முதல் மூணு சுத்து. டேப்பர் மரைக்கு சுத்துக் கணக்குதான், டார்க் ரெஞ்ச் வேண்டாம். திருப்பித் தளர்த்தி நேராக்கக் கூடாது, சீல் உடைஞ்சிடும். சீலன்ட் டப்பாவுல போட்ட நேரம் காய விடுங்க.

டார்க் ரெஞ்ச் ஃபிளாஞ்ச் போல்ட்டுக்கு வேணும். எம்8, 8.8 போல்ட்டுக்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர். அடி-பவுண்டு ஸ்கேல்ல அது 18.4. 25ஐ அந்த ஸ்கேல்ல வெச்சா 34 நியூட்டன் மீட்டர் ஆகிடும், போல்ட்டு இழுபட்டுடும். இஞ்ச்-பவுண்டுன்னா 221. கிலோ-சென்டிமீட்டர்னா 255. ஸ்கேல் ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுப் பிடிங்க.

நூல்கணக்கு:

அடாப்டர் போட்டதும் அதுக்குப் பக்கத்துல பெயிண்ட்ல "என்பிடி அரை, அடாப்டர் வெளியே பிஎஸ்பி"ன்னு எழுதிடுங்க. மெஷின்ல மத்த போர்ட்டும் இப்பவே கேஜ் வெச்சு எழுதிடறது நல்லது. சக்ஷன் பக்கம் ஒரு இஞ்சா இருந்தா அங்க பிஎஸ்பி மூணு மரையில நின்னுடும், ஆனா அதுக்கு மேல பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கறவங்க இருக்காங்க.

வரைபடம்:

சோதனையின்போது கேஜையும் கவனியுங்கள். 140 பார் என்றால் 2,030 பிஎஸ்ஐ. கிலோ/செமீ² கேஜாக இருந்தால் 143 காட்டும். படிப்படியாக ஏற்றுங்கள்: 40, 80, 140, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஊசி போல வரும் எண்ணெய் தோலுக்குள் இறங்கிவிடும்.